சாவில்லாத பாத்திரத்தை உருவாக்குதல்: நாகப்பட்டினத்து எடைக்காரன் ஒருவனை முன்வைத்து

ஒரே மனிதன் பல நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்வதாகக் கதை எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காலவரிசைப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இராசராசன் காலத்தில் ஓர் அத்தியாயம், நாயக்கர் காலத்தில் ஒன்று, கம்பெனி ஆட்சியில் ஒன்று, விடுதலை நாளில் ஒன்று என்று பட்டியல் நீளும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் அந்த மனிதன் பேர்பெற்ற ஒருவரைச் சந்திப்பான், அல்லது பேர்பெற்ற நிகழ்ச்சி ஒன்றின் ஓரத்தில் நின்று பார்ப்பான். இப்படி எழுதப்படுகிறவன் பாத்திரம் ஆவதில்லை; அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாகவே நின்றுவிடுகிறான். அவன் இருந்த இடத்தில் வேறு எவரை வைத்தாலும் கதை மாறாது என்பதே அதற்கு அடையாளம்.

சாவில்லாத பாத்திரம் என்ற கருத்தைப் புதிதாக எழுத வருகிறவர்கள் வேறொரு முனையிலிருந்து அணுகலாம். ஒவ்வொரு காலமும் ஒரு மனிதனைத் தன்னிடத்தில் வாழ விடுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கிறது. நீ யார், யாருடைய மகன், எந்த ஊர், என்ன தொழில், உன் கையில் இருக்கும் பொருள் எப்படி வந்தது என்பவை அவை. சாகிறவன் இவற்றுக்கு ஒருமுறை விடை சொன்னால் அவன் ஆயுளுக்குப் போதும். சாகாதவனோ தலைமுறைக்கு ஒருமுறை புதிய விடை சொல்லியாக வேண்டும். கேட்கும் அதிகாரமும் கேட்கும் முறையும் அதற்குள் மாறியிருக்கும். அந்த விடைகளைத் தேடி அவன் படும் பாடுதான் கதை. மன்னர்களும் போர்களும் அந்தப் பாட்டுக்குக் காரணமாக வரும் அளவுக்கு மட்டும் வந்தால் போதும்.

இதை விளக்குவதற்கு ஒரு கற்பனை மனிதனை எடுத்துக்கொள்வோம். பெயர் சாத்தன். 1006ஆம் ஆண்டளவில் நாகப்பட்டினத் துறையில் வந்திறங்கும் சரக்கை நிறுத்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. தோற்றத்தில் முப்பத்து நான்கு வயது. இன்றும் அதே தோற்றத்தோடு உயிரோடிருக்கிறான்.

எந்த வகைச் சாவின்மை

சாவின்மை ஒரே வகையானதன்று என்பதை நம்முடைய பழங்கதைகளே காட்டுகின்றன. நாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள திருக்கடையூரில் எமனிடமிருந்து காக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மார்க்கண்டேயன் என்றும் பதினாறு வயதில் நிற்பவன். அசுவத்தாமன் நெற்றி மணியை இழந்து ஆறாத புண்ணோடு அலையும்படி சபிக்கப்பட்டவன். அவனுக்கு நீண்ட ஆயுளே தண்டனை. கிரேக்கக் கதையில் தித்தோனசுக்காகச் சாகாவரம் கேட்ட தேவதை இளமையையும் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டதால், அவன் சாகாமலேயே முதிர்ந்துகொண்டு போகிறான். ஔவையைப் பற்றிய நாட்டார் கதையோ, அவர் இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றதாகச் சொல்கிறது. ஒருவனுக்கு வரமாக வந்தது இன்னொருவனுக்குத் தண்டனையாகவும், மூன்றாமவனுக்குச் சொற்பிழையாகவும், நான்காமவருக்குப் பாதுகாப்பாகவும் ஆகியிருக்கிறது. உங்கள் பாத்திரத்துக்கு அது என்னவாக இருக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஔவையின் செய்தியில் எழுத்தாளர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி தான் உண்ணாமல் கொடுத்த நெல்லிக்கனியைப் பாடும் சங்ககால ஔவை ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவர்களைப் பிரித்தே காட்டுகிறார்கள். மக்கள் நினைவு அப்படிப் பிரிக்கவில்லை. கனி உண்டதால் நெடுங்காலம் வாழ்ந்த ஒரே பாட்டியாகவே வைத்துக்கொண்டது. வேந்தர்கள் மாறினாலும் அந்தக் கிழவி கோலூன்றி நடந்துகொண்டே இருக்கிறாள். அவளைப் பாத்திரமாக நிற்கச் செய்வது மாறாத தன்மைகள் சில: அவளுக்கு வீடு கிடையாது, எவரிடமும் தயக்கமின்றிப் பேசுவாள், பசியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வாள். எந்த நூற்றாண்டில் வைத்தாலும் அவள் அவளாகவே இருப்பாள். அப்படி இரண்டு மூன்று பண்புகளாவது உங்கள் பாத்திரத்துக்கு வேண்டும்.

சாத்தனுக்கு நான் வகுக்கும் விதிகள் இவை. அவன் மூப்படைவதில்லை. காயம் படும், ஆறும், ஆனால் தழும்பு மறையாது. பசி எடுக்கும், பட்டினி கிடந்தால் மெலிவான், துன்புறுவான், சாகமாட்டான். இந்த நிலை எப்படி வந்தது என்பதைக் கதை விளக்காது. சித்தர் கொடுத்த காயகற்பம், முனிவர் சாபம் என்று காரணம் காட்டத் தொடங்கினால் வாசகரின் கவனம் மருந்தின் மேல் போய்விடும். மருந்து பேசப்படும் கதையில் மனிதன் பின்தங்கிவிடுவான் என்பது என் எண்ணம்.

தழும்பு மறையாது என்ற விதியைக் காரணமாகத்தான் வைத்தேன். உடலே அவனுக்குச் சான்றாகவும் ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. பதினோராம் நூற்றாண்டில் காது வளர்த்துக் குழை அணிவது ஆணுக்கும் இயல்பு. தொங்கும் காதுமடலை எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே காது 1930இல் அவனை நாட்டுப்புறத்துக் கிழவர்களோடு சேர்க்கும். இன்று பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் படம் எடுப்பார். ஆகவே ஏதோ ஒரு காலத்தில் அவன் காதைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மைத் தழும்பும் அப்படியே. 1750இல் முகத்தில் அம்மை வடு இருப்பது செய்தியே அல்ல. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். அதற்குப் பிறகு பிறந்ததாக ஆவணத்தில் காட்டிக்கொள்ளும் ஒருவன் முகத்தில் அந்த வடு எப்படி வந்தது என்று ஒரு மருத்துவர் கேட்டால் அவனிடம் விடை இல்லை. மனிதனுக்கு முளைக்கும் பற்கள் இரண்டு தொகுதிதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டு மென்ற பல் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்காமல் அவனுக்கு அழகான சிரிப்பைக் கொடுத்துவிடக் கூடாது.

ஊரும் தொழிலும்

உலகம் சுற்றும் சாகாதவனைவிட ஒரே ஊரில் வேர்விட்ட சாகாதவனைத் தொடக்கத்தில் கையாள்வது எளிது. ஊர் நிலையாக இருந்தால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நாகப்பட்டினத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த ஊரின் வரலாறே வந்துபோனவர்களால் ஆனது என்பதுதான். மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்தின் அரசன் சிறீமாற விசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் அங்கே சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்புவித்தான். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக விட்டான். அதே கடாரத்தின் மேல் 1025இல் இராசேந்திரன் கடற்படை அனுப்பினான். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் குடியேறினர். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அவர்களிடமிருந்து ஊரைப் பிடித்தனர். 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே நாகப்பட்டினம் ஆயிற்று. 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கொடையைப் பதிந்த செப்பேடுகள் ஒல்லாந்தரின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

இவ்வளவையும் ஒருவன் பார்த்தான் என்று எழுதினால் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவோம். தொழில் இங்கேதான் உதவுகிறது. சாத்தன் எடை போடுகிறவன். ஆகவே எந்த ஆட்சியும் அவனுக்கு முதலில் படிக்கல்லாகத்தான் வந்து சேரும். பொன்னுக்கு மஞ்சாடியும் கழஞ்சும், இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பிற்காலத்தில் சரக்குக்குப் பலம், வீசை, மணங்கு, பாரம். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். ஒல்லாந்தர் வந்தபோது அவர்களுடைய இறாத்தலும், கம்பெனி வந்தபோது ஆங்கிலேயரின் இறாத்தலும், 1950களின் இறுதியில் கிலோகிராமும். வராகன் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு பணம், பணம் ஒன்றுக்கு எண்பது காசு என்று மனக்கணக்காகப் போட்டவன், 1818க்குப் பிறகு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று பழகி, 1957 ஏப்ரலில் நூறு நயா பைசாவுக்கு மாறியிருப்பான். கைவிரல் பழகிய கணக்கு ஒவ்வொரு முறையும் பிழையாகிவிடும்போது அவன் படும் எரிச்சலை எழுதினால், ஆட்சி மாறியதை எழுத ஒரு கொடியேற்றக் காட்சி தேவைப்படாது.

எடைக்காரனிடம் இன்னொரு வசதியும் உண்டு. விற்பவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்பவனை இரண்டு பக்கமும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே ஆட்சி மாறினாலும் அவனுக்கு வேலை கிடைக்கும். நேர்மை அவன் பிழைப்புக்கே அடிப்படை. அதே மனிதன் தன் பெயரையும் பிறப்பையும் பற்றி வாழ்நாளெல்லாம் பொய் சொல்லவேண்டியவன். பாத்திரத்தின் உள்முரண் இப்படித் தொழிலிலிருந்தே கிடைக்குமானால் வெளியிலிருந்து ஒன்றைத் தேடி ஒட்டவைக்க வேண்டியதில்லை.

பெயர், காகிதம், சொத்து

ஒருவன் இருபது ஆண்டு மூப்படையாமல் இருந்தால் அக்கம்பக்கத்தார் வியப்பார்கள். முப்பது ஆண்டு என்றால் அஞ்சுவார்கள். ஆகவே சாத்தன் ஒவ்வொரு தலைமுறையிலும் ஊரைவிட்டுப் போய், தன் மகனாகத் திரும்பி வர வேண்டும். உள்நாட்டுச் சிற்றூரில் இது நடக்காது. புதிதாக வருகிறவனிடம் எந்த ஊர், யார் வகை, எந்தச் சாதி என்று மூன்று கேள்விகளுக்குள் அவன் கதையை அவிழ்த்துவிடுவார்கள். சொன்ன ஊரில் உறவினர் இருக்கிறார்களா என்று விசாரித்தும் விடுவார்கள். சாதி அமைப்பு இருக்கும் சமூகத்தில் முன்பின் இல்லாத தனியன் என்று ஒருவன் இருக்க முடியாது என்பதைத் தமிழில் எழுதுகிறவர் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். துறைமுகத்தில் இது ஓரளவு தளர்கிறது. கடாரத்துக்குப் போனவன் மகன், மலாக்காவில் தங்கிவிட்டவன் மகன், பிற்காலத்தில் பினாங்குக்குக் கப்பலேறியவன் மகன் என்று ஒருவன் வந்து நின்றால் நாகப்பட்டினத்தில் அது புதுமையன்று. கடலுக்கு அப்பால் போய் விசாரிக்க எவருக்கும் முடியாது.

பெயரிலும் நம் வழக்கமே அவனுக்குக் கைகொடுக்கிறது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது நம்மிடம் நெடுங்கால மரபு. அவன் ஒரு தலைமுறையில் சாத்தப்பன், அடுத்த தலைமுறையில் முருகையன், அதற்கடுத்து மறுபடியும் சாத்தப்பன். தலைப்பெழுத்து போடும் வழக்கம் வந்தபின் மு. சாத்தப்பன், சா. முருகையன் என்று இரண்டே பெயரைத் திருப்பித் திருப்பி வைத்து எத்தனை தலைமுறையும் ஓட்டலாம். ஊரார் அதை முன்னோர் மேலுள்ள பற்று என்று மெச்சுவார்கள்.

சிக்கல் தொடங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய அரசுகள் பெரும்பாலும் நிலத்தையும் விளைச்சலையும் சரக்கையும்தான் கணக்கெடுத்தன. சாதாரண மனிதனைப் பெயர்வாரியாகத் தெரிந்துகொள்ள அவற்றுக்குத் தேவை குறைவு. 1871இல் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு தேடி வந்து வயது கேட்கிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பெருவிரல் ரேகை வைக்கும் வழக்கம் வருகிறது. போர்க்காலத்தில் குடும்ப அட்டை, 1951-52இல் வாக்காளர் பட்டியல், 1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 2010 முதல் கருவிழியும் பத்து விரலும் பதியும் ஆதார். முதல் எண்ணூறு ஆண்டுகளில் அவனுக்கு இருந்த சுதந்திரம் கடைசி நூற்றைம்பது ஆண்டுகளில் படிப்படியாகக் குறைகிறது. சாவில்லாதவன் நவீன காலத்தில் மேலும் மேலும் வலிமையடைவான் என்று பலர் எழுதுகிறார்கள். காகிதத்தைக் கணக்கில் எடுத்தால் அவன் நிலை அதற்கு நேர்மாறானது.

இந்தக் காகிதங்களிலிருந்தே காட்சிகள் கிடைக்கும். 2024 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். சாத்தப்பன் பினாங்குக்குப் போய்க் காணாமற்போய், முப்பது ஆண்டு கழித்து முருகையனாகத் திரும்பித் தன் வீட்டுக்குத் தானே வாரிசாக மனுப்போடலாம். ரேகை மட்டும் காட்டிக்கொடுக்கும். இப்படி ஒரு சிறு காட்சியை எண்ணிப் பாருங்கள்:

“அப்பா வித்த பத்திரமா இது?” என்று கேட்டார் எழுத்தர்.

“ஆமாங்க. 1924.”

“ரேகை இவ்வளவு தெளிவா விழுந்திருக்கே. நீங்களும் இப்படி அழுத்தி வைங்க சார்.”

அவன் மையைத் தொட்டான். பிறகு கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடத் தெரியும், போதாதா என்று கேட்டான்.

இதில் ஆயிரம் ஆண்டும் இல்லை, மன்னனும் இல்லை. ஆனாலும் சாவின்மை எங்கே இடிக்கிறது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

சொத்தைப் பற்றிய பொதுவான கற்பனையும் சோதிக்கத் தக்கது. நெடுங்காலம் வாழ்கிறவன் இயல்பாகவே பெருஞ்செல்வனாகிவிடுவான் என்று நினைக்கிறோம். 1781 முற்றுகையின்போது அவன் வராகன்களை ஒரு குடத்தில் போட்டுப் புதைத்தான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றிருபது ஆண்டு கழித்துத் தோண்டினால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் குறுக்கே வருகிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். புதைத்தவர் என்றோ அவருடைய வழித்தோன்றல் என்றோ உரிமை கோருகிறவருக்கு இடமுண்டு. ஆனால் புதைத்து நூறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். தன் கையால் புதைத்த பொன் சட்டத்தின் முன் தனக்கு உரியதன்று என்ற நிலை சாகாதவனுக்கு மட்டுமே வரக்கூடியது. காகிதப் பணமாகச் சேர்த்தாலும் 1946, 1978, 2016 என்று மூன்று முறை உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாமற்போயின. வங்கியில் மாற்றப் போனால் வருமானத்துக்கு விளக்கம் கேட்பார்கள். ஆகவே என் சாத்தன் ஏழையல்லன், செல்வனும் அல்லன். எப்போதும் கொஞ்சம் பொன், எப்போதும் கொஞ்சம் அச்சம்.

நினைவும் பேச்சும்

சாவில்லாத பாத்திரத்தில் மிகுதியாகப் பிழை நேர்வது நினைவைக் கையாளும் இடத்தில். அவன் எல்லாவற்றையும் தேதியோடு நினைவில் வைத்திருப்பான் என்று எழுதிவிடுகிறோம். மனித நினைவு அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாகக் கட்டப்படுகிறது, கட்டும்போது மாறுகிறது. முதியவர்களிடம் கேட்டால் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாக வெளிவரும் என்று உளவியலாளர் கண்டிருக்கிறார்கள். இதை நீட்டினால், சாத்தனுக்கு இராசராசன் காலத்து இளமை தெளிவாகவும், சென்ற முப்பது ஆண்டு தெளிவாகவும், நடுவில் உள்ள ஒன்பது நூற்றாண்டுகள் மங்கலாகவும் இருக்கும். பதினான்காம் நூற்றாண்டு முழுவதிலும் அவனிடம் எஞ்சியிருப்பது ஒரு கிணற்றின் சுவையும் ஒரு பெண்ணின் குரலும் மட்டும் என்றால் அதை நான் நம்புவேன்.

நம்முடைய ஆண்டுக்கணக்கு இந்த மயக்கத்தை இன்னும் கூட்டுகிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சாதாரண மனிதன் தான் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறான்; அதற்கும் பலர் திருக்கடையூருக்குத்தான் போகிறார்கள். தாது வருஷம் என்றால் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத்தான் தென்னாட்டார் நினைப்பார்கள். சாத்தனோ 1006க்குப் பிறகு பதினேழு தாது வருஷங்களைக் கண்டவன். தாது வருஷத்தில் ஒரு தாய் தன் குழந்தையை அவன் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள் என்று அவனுக்கு நினைவிருக்கிறது. எந்தத் தாது என்பது தெரியவில்லை. அந்தக் குழந்தையைத் தான் எடுத்துக்கொண்டானா, விட்டுவிட்டானா என்பதும் உறுதியாகத் தெரியவில்லை. இதில் ஒரு நாவலே அடங்கியிருக்கிறது.

பேச்சைப் பொறுத்தவரை, பழங்காலத்தவன் என்பதற்காக அவனைச் செந்தமிழில் பேச வைக்க வேண்டாம். நாள்தோறும் மீன்காரியிடமும் சுமைகூலியிடமும் பேசுகிறவன் அவர்களைப் போலத்தான் பேசுவான். பேச்சு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறும்போது அவனும் உடன் மாறிவிடுவான். பழமை ஒட்டிக்கொண்டிருப்பது வேறிடங்களில். கணக்கை முணுமுணுக்கும்போது, தெருவின் பழைய பெயர் வாய்தவறி வரும்போது, கையெழுத்துப் போடும்போது அது வெளிப்படும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’யும் ‘னை’யும் இன்றும் முதியவர்கள் கையெழுத்தில் உண்டு. எண்பது வயதுக்காரர் 1995இல் அரை வீசை கத்தரிக்காய் கேட்டால் கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பார். முப்பத்து நான்கு வயதுத் தோற்றக்காரன் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.

உணவிலும் அவனைப் பழமைவாதி ஆக்க வேண்டியதில்லை. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகே இங்கு வந்தது. அவன் வாழ்நாளின் முதற்பாதியில் காரம் என்றால் மிளகுதான். முதன்முதலில் மிளகாயைக் கடித்துத் துப்பியவன் ஐம்பதாண்டில் அதில்லாமல் சோறு இறங்காதவனாகியிருப்பான். இன்றைக்கு மீன் குழம்பில் தக்காளி போதவில்லை என்று குறை சொல்லவும் செய்வான். வரலாற்றுத் தகவலை எழுத்தாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கும், பாத்திரம் அதைச் சொற்பொழிவாற்ற வேண்டும் என்பதற்கும் வெகுதூரம்.

அவன் செய்தவை

நீண்டகாலம் வாழ்ந்தவன் ஞானியாகிவிடுவான் என்பதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு காலத்திலும் அந்தக் காலத்தார் குற்றமென்று கருதாத ஒன்றை அவனும் செய்திருப்பான். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சைப் பகுதி பஞ்சத்தில் வாடியபோது ஒல்லாந்தக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் ஏற்றியனுப்பியது. பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் அதில் உண்டு. துறையில் இரு தரப்புக்கும் நடுவில் நின்றவன், நம்பிக்கைக்குரியவன், கணக்குத் தெரிந்தவன் ஒருவன் அந்த வேலையிலிருந்து விலகி நின்றான் என்று எழுதுவது எழுத்தாளருக்கு ஆறுதலாக இருக்கலாம், உண்மையாக இராது. அவன் தலையெண்ணி எழுதிக் கொடுத்திருப்பான், கூலி வாங்கியிருப்பான், அதைத் தருமம் என்றுகூட நினைத்திருப்பான், ஏனெனில் கப்பலேறியவர்களுக்காவது கஞ்சி கிடைத்தது. பிறகு 1843இல் இந்தியச் சட்டம் அடிமை உரிமைக்கு ஏற்பளிப்பதை நிறுத்துகிறது. அதே துறையிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகள் போகத் தொடங்குகிறார்கள். அவனுக்கு மறுபடியும் வேலை கிடைக்கிறது.

சாகிறவர்கள் தங்கள் காலத்தின் நியாயங்களைத் தங்களோடு கொண்டுபோய்விடுகிறார்கள். பேரன் மன்னிப்பதற்கோ வெட்கப்படுவதற்கோ தாத்தா இருப்பதில்லை. சாத்தனுக்கு அந்த வசதி இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி அவனிடம் பேட்டி எடுக்க வந்து, அந்தக் காலத்து மனிதர்களால் எப்படி இதைச் செய்ய முடிந்தது என்று கேட்கும்போது அவன் என்ன சொல்வான் என்பதை எழுதிப் பாருங்கள். அவன் சொல்லும் விடையைவிடச் சொல்லாமல் விடும் விடை முக்கியம். என் கருத்தில் சாவில்லாத பாத்திரத்தின் பயன்களில் தலையாயது இதுதான்: ஒரு காலத்தின் நியாயத்தை அடுத்த காலத்தின் முன் நேருக்கு நேர் நிறுத்த வேறு எந்தப் பாத்திரத்தாலும் முடியாது.

உறவுகளைப் பற்றிப் பலரும் விரிவாகவே எழுதுகிறார்கள். மனைவி முதிர்ந்து சாவதும் மகன் தந்தையைவிட மூத்தவனாகத் தோன்றுவதும் எவருக்கும் உடனே தோன்றக்கூடியவை. அவற்றை ஒருமுறை எழுதினால் போதும். குறைவாக எழுதப்படுவது, அவன் ரகசியம் தெரிந்த ஒருவருடைய நிலை. மகள் ஒருத்திக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு எழுபது வயது. அடுத்தவர் முன்னிலையில் அவனைத் தம்பி என்று அழைக்க வேண்டும், தனிமையில் அப்பா. அவள் மருமகளுக்கு இந்த வீட்டோடு இருக்கும் இளைஞன் யார் என்பதில் ஐயம். சாகாதவனைவிட இவளுக்கே சுமை அதிகம். கதையை இவள் பார்வையில் சொன்னால் சாத்தனே இன்னும் தெளிவாகத் தெரிவான்.

கதையை எந்த வரிசையில் சொல்வது என்பதற்கு ஒரு நடைமுறை ஆலோசனை. பத்து நூற்றாண்டுகளுக்கும் சமமாக இடம் ஒதுக்க வேண்டாம். மூன்று காலங்களை எடுத்து ஆழமாக எழுதுங்கள். மற்றவற்றை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம், அவனுடைய நினைவும் அப்படித்தானே கடக்கிறது. சாத்தனுக்கு நான் தேர்பவை: விகாரம் எழும்பிய காலம், ஒல்லாந்தர் காலப் பஞ்சம், ஆதார் பதிவுக்கு வரிசையில் நிற்கும் நாள். மூன்றையும் தராசு இணைக்கிறது. ஒவ்வொரு காலத்தையும் எழுதுமுன், அப்போது அவன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறான், எதை இழக்க அஞ்சுகிறான், யாரை ஏமாற்றுகிறான் என்ற மூன்றுக்கும் தனித்தனியாக விடை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூன்று காலத்திலும் ஒரே விடை வந்தால் அவற்றில் இரண்டு காலங்கள் வேண்டாதவை.

முடிவு குறித்தும் ஐயம் எழும். சாகாதவன் கதையைச் சாவில் முடிக்க முடியாது. வரம் நீங்கி அவன் திடீரென முதிர்ந்து விழுவதாக முடிப்பது எளிய வழி, பலமுறை செய்யப்பட்டதும்கூட. இதற்கு மாறாக, அவன் ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல மறுக்கும் இடத்தில் முடிக்கலாம். நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட புத்தர் படிமங்கள் ஏறத்தாழ 350. அவற்றில் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அவன் முதற்கூலியில் வார்த்து விகாரத்துக்குக் கொடுத்தது என்று கொள்ளலாம். அதன் முன் நெடுநேரம் நிற்கிறவனைப் பார்த்துக் காவலர் என்ன வேண்டும் என்று கேட்கிறார். வழக்கமான விடைகள் எல்லாம் அவனிடம் தயாராக இருக்கின்றன. அவன் உண்மையைச் சொல்கிறான். காவலர் நம்பவில்லை, மூடும் நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்புகிறார். எதுவும் நிகழவில்லை, ஆனால் அவனிடம் ஏதோ மாறியிருக்கிறது. அதற்குமேல் எழுத வேண்டுமா என்பது அதற்கு முன்னால் அவனை எத்தனை முறை பொய் சொல்ல வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.